ஆண் இல்லாத வீட்டில் நான்கு குட்டிகள்

கண்ணாடியின் உள்பக்கம் நீர் பூத்திருந்தது. ஆடி மாதத்துக் காலை; வெளியே காற்று தென்னை மட்டைகளை அடித்துக்கொண்டிருந்தது, மலைப் பக்கத்திலிருந்து சாரலும் வந்துகொண்டிருந்தது. பின்னறையில் அந்தச் சத்தம் எதுவும் கேட்காது. தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றுவதற்காகப் பெட்டியின் முன் குனிந்தேன். தேன் நிறப் பாம்பு வழக்கம்போல வெப்பத் தட்டின் கீழ் சுருண்டு கிடந்தது. அதன் சுருளுக்கு வெளியே, தேங்காய் நார்த்தூளின் மேல், என் சுண்டுவிரல் பருமனில் ஏதோ நகர்ந்தது. வால் என்று நினைத்தேன். உற்றுப் பார்த்தபோது அந்த வாலுக்குக் கண் இருந்தது. அப்புறம் கிண்ணத்தின் ஓரத்தில் ஒன்று, தாயின் கழுத்துக்கடியில் ஒன்று, மூலையில் ஒன்று. நான்கு குட்டிகள். அவற்றின் பக்கத்தில் முட்டையின் மஞ்சள் கரு உறைந்தது போல ஏழெட்டுக் கட்டிகள். அந்த வீட்டில் இருந்தவை மூன்று பாம்புகள். மூன்றும் பெண். "சிஸ்டர், இங்கன வாங்க" என்று நான் போட்ட சத்தத்தில் பயம்தான் இருந்தது. ஆனால் அந்தப் பயம் பாம்பைப் பார்த்து வந்ததல்ல. அடுத்து என்ன கேட்கப்படும் என்பது அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது போலிருந்தது.

சிஸ்டர் என்று நான் சொல்வது, அரசு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நர்சாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரை. கல்யாணம் செய்துகொள்ளாதவர். உத்தமபாளையத்துக்கும் கோம்பைக்கும் நடுவே சாலையோரத்தில் தனி வீடு. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் முதலில் பார்த்தது அவர் முகத்தைத்தான். என் மகனும் அப்படித்தான். ஆனால் அவருக்கு என்னை நினைவில்லை. எத்தனை பேரை நினைவு வைத்துக்கொள்வார்? கோம்பை என்றதும் வெளியூர்க்காரர்கள் அந்த ஊர்ப் பெயர் கொண்ட வேட்டை நாயை விசாரிப்பார்கள். நான் அந்த ஊரின் கடைசியில் காடை வளர்க்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை ஆட்டோவில் வந்து இறங்கிய சிஸ்டர், "மூணு காடை வேணும்த்தா. அறுக்கக் கூடாது. றெக்கை பிடுங்கக் கூடாது. ரத்தம் வெளிய வராமக் கொன்னு குடு" என்றார். ஒவ்வொன்றையும் தராசில் வைத்து எடை பார்த்து, பெரிதாக இருந்த ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சிறியதை வாங்கிக்கொண்டார். சிறியதைக் கேட்டு வாங்குகிற வாடிக்கையாளரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் வீட்டில் முட்டைகூட வேகாது என்பதும் எனக்குத் தெரியும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தார். அமாவாசையை ஒட்டி வருகிறாரா என்று காலண்டரைப் பார்த்தேன். இரண்டு முறை பொருந்தியது. மூன்றாவது முறை பொருந்தவில்லை. பொருந்தாததை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய எதிர்வீட்டுக்காரி என்னிடம் முட்டை வாங்க வருபவள். "பின் ரூமு சன்னல் எந்நேரமும் சாத்தியே கெடக்கு. கரண்டு போயிட்டா மட்டும் சிஸ்டரு பதறி ஓடுறாக. உள்ள என்னத்தையோ வளக்குறாக" என்றாள். கம்பம் பள்ளத்தாக்கில் பூட்டிய அறையும் விளக்கு வெளிச்சமும் என்றால் ஜனங்கள் வாயில் முதலில் வருவது கஞ்சாதான். எனக்கு அது ஏறவில்லை. காடை தின்கிற கஞ்சாச் செடி உண்டா? நான் மாந்திரீகம் என்று முடிவு கட்டியிருந்தேன். அடுத்த சனிக்கிழமை, அவர் வருவதற்கு முன்னால் நானே காடைகளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய் நின்றேன்.

கதவைத் திறந்தவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பாக்கணும்னுதான வந்த? செருப்பக் கழட்டு. மொதல்ல கையக் கழுவு. காடை வாசம் கையில இருந்தா, அதுகளுக்கு உன் கையும் காடைதான்" என்றார். சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவ வைத்தார். பின்னறையில் மூன்று பெட்டிகள். முதலாவதில் எட்டடிக்குக் குறையாத பெரியது; உடலில் காப்பிக் கொட்டை நிறப் பட்டைகள், வால் மட்டும் செங்கல் சிவப்பு. இரண்டாவது ஐந்தடி, தேனைக் காய்ச்சி ஊற்றியது போன்ற நிறம். மூன்றாவது அதைவிடச் சிறியது, சாம்பல் நிறம். ஏதோ தீவைச் சேர்ந்த வகையாம், பொழுது சாய்ந்தால் வெளிறிப்போகும் என்றார். எல்லாம் போவா. நஞ்சில்லை, இறுக்கிக் கொன்று விழுங்குபவை. நம் மலைப்பாம்பை வீட்டில் வைத்தால் ஜெயில். இவை வெளிநாட்டுப் பாம்புகள் என்பதால் முறையாகப் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம். சிஸ்டருடைய தம்பி மகன் பெங்களூரில் வேலை பார்த்தபோது வளர்த்தவை அவை. ஆறு மாதம் பார்த்துக்கொள்ளச் சொல்லி அத்தையிடம் விட்டுவிட்டுக் கனடாவுக்குப் போனவன், பிறகு காகிதங்களை அத்தை பெயருக்கு மாற்றி அனுப்பிவிட்டான்.

பாம்பு வளர்க்கிறவர் என்றால் தோளில் போட்டுக்கொண்டு படம் எடுப்பவர் என்றுதான் நினைத்திருந்தேன். சிஸ்டர் அந்த அறையை வார்டாக்கி வைத்திருந்தார். ஒவ்வொரு பெட்டியிலும், கட்டிலின் காலடியில் தொங்குவது போல, ஓர் அட்டை: தின்ற நாள், எடை, தோல் உரித்த நாள், கழிவு. பெட்டியின் ஒரு பக்கம் வெப்பம், மறுபக்கம் குளிர்ச்சி. எது வேண்டுமோ அதைப் பாம்பே தேடிப் போகும். சிவப்பு வால்காரிக்கு வயிறு நொய்மை, அளவு மீறிக் கொடுத்தால் கக்கிவிடும், கக்கினால் உயிருக்கே ஆபத்து, அதனால்தான் தராசு. தேன் நிறத்துக்குக் கோபம் அதிகம், பெட்டியைத் திறந்ததும் சீறும். சாம்பல் சாது. கண்ணில் நீலம் படர்ந்தால் தோல் உரிக்கப் போகிறது, அப்போது தொடவும் கூடாது, தீனியும் கூடாது. தின்ற பிறகு இரண்டு நாள் தூக்கவே கூடாது. இதையெல்லாம் அவர் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை; தனக்குள் முணுமுணுத்தபடியே வேலை செய்வார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். முட்டி வலியால் அவரால் குனிய முடியாமல் போனபோது, கீழ்ப் பெட்டிகளின் கிண்ணத்தை எடுத்து வைக்கிற வேலை தானாக என்னிடம் வந்தது.

இரண்டு ஆண்டுக்கு முந்தைய மார்கழியில் மதுரைக்குப் போய் முட்டி மாற்று ஆபரேசன் செய்துகொண்டார். ஒரு மாதம் அங்கேயே. சாவி என்னிடம். காலையும் மாலையும் சைக்கிளில் போய் வந்தேன். மூன்றையும் நான் ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொண்டேன் என்பதை இப்போதும் அழுத்திச் சொல்கிறேன். அந்த மாதத்தில்தான் ஒருநாள் என் பண்ணைக்குக் கேரளா வண்டி எண் போட்ட ஜீப் ஒன்று வந்தது. குமுளிப் பக்கத்து ஆள். மீனும் கிளியும் விற்கிறவராம். பத்துக் காடை வாங்கினார். பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் வந்த விஷயத்துக்கு வந்தார். தன்னிடம் ஆண் போவா ஒன்று இருக்கிறது. சிஸ்டரிடம் இரண்டு முறை கேட்டுப் பார்த்தும் விரட்டிவிட்டார். இப்போது வீட்டில் ஆள் இல்லை. "சேச்சி, ஒரு வாரம் மதி. ஆரும் அறியண்டா. குட்டி உண்டாயா நமக்குப் பாதி பாதி" என்றார். ஆணை ஒரு வாரம் அங்கே விட்டு வைத்தால் போதுமாம், யாருக்கும் தெரிய வேண்டாமாம். நான் சிரித்து, முடியாது என்று தலையை ஆட்டி, அனுப்பிவிட்டேன். அன்றே சிஸ்டருக்குப் போன் செய்திருக்க வேண்டும். முட்டியில் தையலோடு படுத்திருப்பவரிடம் எதற்கு என்று விட்டேன். திரும்பி வந்த பிறகும் சொல்லவில்லை. அதற்கு இன்றுவரை என்னிடம் நல்ல காரணம் இல்லை.

பங்குனியில் தேன் நிறம் தீனியை விட்டது. வைகாசியில் அதன் பின்பாதி தடித்தது. எந்நேரமும் வெப்பப் பக்கத்திலேயே கிடந்தது, சில நேரம் வயிற்றை மேலே திருப்பிப் போட்டுக்கொண்டது. மலச்சிக்கல் என்று சிஸ்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் அதை ஊற வைத்தார். நான் ஒருநாள் விளையாட்டாக, "சிஸ்டர், இது மசக்கையாட்டமில்ல இருக்கு" என்றேன். "ஆம்பளையே இல்லாம மசக்கையா? போடி" என்று சிரித்தார். ஆயிரக்கணக்கில் பிரசவம் பார்த்த கண்ணுக்கு அது தெரியவில்லை. இருக்க முடியாது என்று நினைத்ததால் தெரியவில்லை.

ஆடிக் காலையில் என் சத்தம் கேட்டு ஊன்றுகோலோடு வந்த சிஸ்டர் பெட்டிக்குள் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கையுறை கேட்டார். குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து வாய் திறக்கிறதா, வயிற்றில் தொப்புள் பிசிறு இருக்கிறதா என்று பார்த்தார், தராசில் வைத்தார், ஈரக் காகிதம் விரித்த நான்கு டப்பாக்களில் தனித்தனியாக விட்டார். தாயைத் தடவி உள்ளே மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தார். நான்கும் தாயின் தேன் நிறம், ஒரு புள்ளி வேறுபாடு இல்லை. எல்லாம் முடிந்து கையுறையைக் கழற்றிய பிறகு, நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தூக்கினார். "மார்கழி, தை, மாசி..." என்று விரல்களை மடக்கத் தொடங்கினார். ஏழாவது விரல் மடங்கியதும் நிறுத்தினார். போவாவுக்கு ஆறேழு மாதம்தான் கணக்கு.

"நான் மதுரையில கெடந்தப்ப இங்கன யாரு வந்தா?" என்றார்.

"ஒருத்தரும் வரல சிஸ்டர்."

"மசக்கைன்னு சொன்னியே. அன்னைக்கே உனக்குத் தெரிஞ்சிருக்கு."

"வெளையாட்டுக்குச் சொன்னது. என்ன சிஸ்டர் இப்படிப் பேசுறீக?"

"பொறப்பு எறப்பு எல்லாத்தையும் வனத்துறைக்கு எழுதணும்த்தா. ஆம்பளை எங்கன்னு கேப்பாக. திருட்டுத்தனமா எங்கயோ கொண்டு போயிச் சேத்தேன்னு சொல்லுவாக. இந்த வயசுல நான் ஆபீசு ஆபீசா நிக்கணுமா? உண்மையச் சொல்லிரு."

என் கண் அந்த மடங்கிய விரல்களை விட்டு வரவில்லை. தை மாதம் கல்யாணமான எனக்கு ஆவணியில் மகன் பிறந்தான். வார்டு வாசலில் நின்று என் மாமியார் விரல் மடக்கியதை, கட்டிலில் கிடந்தபடி திறந்த கதவு வழியாகப் பார்த்தேன். தை, மாசி என்று போன விரல்கள் எட்டில் நின்றன. என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அப்போது வந்த இந்தச் சிஸ்டர்தான் குழந்தையைத் துணியோடு வாசலுக்குத் தூக்கிப் போய், பாதத்தை அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டி, "உள்ளங்கால்ல கோடு விழல பாருங்க. மாசம் தெகையாத பிள்ளை. உங்க விரல வீட்டுல போயி மடக்குங்க" என்றார். மாமியார் திரும்பி நடந்தார். என் வீட்டுக்காரர் உள்ளே வந்து குழந்தையைக் கையில் வாங்கினார். என் குடும்பம் அந்த ஒரு வார்த்தையில் நின்றது. என்னை நினைவில்லாத அந்த மனுசியின் வீட்டில் கிண்ணம் கழுவியது அதற்காகத்தான். அதை நான் அவரிடம் சொன்னதில்லை.

அன்று சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். கேட்டு வாங்கவில்லை அவர். வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, எதிர்வீட்டுக்காரி ஜீப்பைப் பற்றிச் சொல்லிவிட்டாள். மார்கழியில் கேரளா வண்டி ஒன்று என் பண்ணையில் நின்றதை அவள் முட்டை வாங்க வந்தபோது பார்த்திருக்கிறாள். சிஸ்டர் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "குமுளிக்காரன் உங்கிட்ட வந்தானா?" வந்தார் என்றேன். நடந்ததைச் சொல்லத் தொடங்குவதற்குள் இணைப்பு அறுந்தது. மறுபடி நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. உண்மையைச் சொல்லியும் அது பொய் போலவே ஒலித்தது. அந்த வாரங்களில் எனக்கே என் மேல் ஐயம் வந்தது. ஒருநாளாவது பூட்டாமல் வந்தேனா? சாவியை ஆணியில் மாட்டி வைத்த நேரத்தில் யாராவது எடுத்திருப்பார்களா? குமுளிக்காரர் வேறு யாரையாவது பிடித்திருப்பாரா? எதிர்வீட்டுக்காரிக்கு ஜீப்பின் வண்டி எண் வரை நினைவிருந்தது எப்படி? எங்கள் பண்ணைக்கு வருகிற ஒவ்வொரு முகத்தையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன்.

ஆவணி பிறந்து பத்து நாள் இருக்கும். ஆட்டோ வந்து நின்றது. சிஸ்டர் ஊன்றுகோலோடு இறங்கி, கூண்டுகளுக்கு நடுவே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். தேனியிலிருந்து கால்நடை டாக்டர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனாராம். போவாவில் ஆண் சேராமலே குட்டி பிறப்பது உண்டு, மிகவும் அபூர்வம் என்றாராம். குட்டிகள் நாலைந்துதான் பிழைக்கும், மீதி வெறும் கட்டிகளாக வரும். பிழைத்தவை தாயை உரித்து வைத்தது போல இருக்கும், அத்தனையும் பெண்ணாக இருக்கும். எல்லாம் பொருந்துகிறது. முழுக்க உறுதிப்படுத்த வேண்டுமென்றால் ரத்தம் எடுத்து வெளியே அனுப்பிச் சோதிக்கலாம். வனத்துறைக்கு டாக்டரே கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அங்கிருந்து ஒருவர் வந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார், தொந்தரவு இல்லை.

"ரத்தம் அனுப்புனீகளா?" என்றேன்.

"வேணாம்னுட்டேன்."

அந்த வேண்டாம் எனக்குப் பிடிக்கவில்லை. என்னை நம்பி வேண்டாம் என்றாரா, வேறு மாதிரி முடிவு வந்துவிடும் என்று பயந்து வேண்டாம் என்றாரா? கேட்டால் சொல்லக்கூடியவர் இல்லை. அத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததைக் கொட்டிவிட்டேன். தை மாதக் கல்யாணம், ஆவணிப் பிள்ளை, வார்டு வாசல், மாமியார், உள்ளங்கால். "அன்னைக்கு உலகமே என்னைய நம்பாதப்ப நீங்க ஒருத்தருதான் நம்புனீக. ஒரு பாம்புக்காக இன்னைக்கு என்னையச் சந்தேகப்பட்டீகளே சிஸ்டர்" என்றேன். அழுதுவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். நினைவில் என்னைத் தேடினார்; கிடைக்கவில்லை என்பது தெரிந்தது.

"அன்னைக்கு நான் நம்புனேன்னு யாரு சொன்னா?" என்றார்.

"காலக் காட்டுனீகளே. கோடு இல்லன்னு..."

"காட்டியிருப்பேன். நான் பாத்திருக்க மாட்டேன். வாசல்ல நின்னு விரல மடக்குற மாமியா எல்லாருக்கும் அதத்தான் சொல்லுறது. பெத்தவ தூங்கணும்ல."

"அப்ப என்னையப் பத்தி என்ன நெனச்சீக?"

"ஒண்ணும் நெனைக்கல. நீ பத்தோட பதினொண்ணு. நெனைக்கிறதுக்கு எனக்கு ஏது நேரம்?" ஊன்றுகோலின் பிடியைத் தேய்த்தபடி சொன்னார்: "இப்ப அப்படியா? என் வீட்டுச் சாவி உங்கிட்டல்ல இருந்துச்சு. வேத்தாளுகிட்ட எனக்குச் சந்தேகமே வராதுத்தா."

மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. காடைக் குஞ்சு, அன்று பொரித்ததாக நான்கு வேண்டும், குட்டிகள் முதல் தோலை உரித்துவிட்டன, பசியாக இருக்கும் என்றார். கொடுத்தேன். போகும்போது சாவியை நாற்காலியின் மேல் வைத்துவிட்டுப் போனார். மறதியாக வைத்தது போலத்தான் வைத்தார்.

என் மகன் மாதம் நிறையாமல்தான் பிறந்தான். இதை எழுதும்போதுகூட யாருக்கோ சாட்சி சொல்வது போல இருக்கிறது. இருபத்திரண்டு ஆண்டுகள், என்னை ஒருத்தர் நம்பினார் என்ற நினைப்பில் தலை நிமிர்ந்து நடந்திருக்கிறேன். அந்த ஒருவர் என் பிள்ளையின் காலைப் பார்க்கவே இல்லை. சில நாள் அது வஞ்சகமாகப் படுகிறது. சில நாள், நம்பாமலே ஒருத்திக்காக அப்படி அடித்துப் பேச எவ்வளவு மனம் வேண்டும் என்று தோன்றுகிறது. என் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லவில்லை. அவர் அன்று அந்தப் பாதத்தைப் பார்த்தாரா, பார்த்துப் புரிந்துகொண்டாரா, அல்லது அவரும் வெறும் வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டாரா என்று கேட்க வேண்டும் போல இருக்கிறது. சாப்பாடு போடும்போது சில நேரம் வாய் வரை வருகிறது.

ஆறு நாள் போகவில்லை. ஏழாவது நாள் போனேன். நாலு குட்டிகளையும் பார்த்துக்கொள்வது அந்த முட்டியை வைத்துக்கொண்டு அவரால் முடியாத வேலை. இப்போது அவை ஒவ்வொன்றும் இரண்டடி நீளம். நான்குக்கும் தனித்தனி அட்டைகள் தொங்குகின்றன. டாக்டர் சொன்னபடி நான்கும் பெண்தான். உள்ளே நுழைந்ததும் ஒவ்வொரு பெட்டியையும் போனில் படம் எடுக்கிறேன். வேலை முடிந்து கதவைச் சாத்துவதற்கு முன் இன்னொரு முறை எடுக்கிறேன். படத்தின் மேல் தேதியும் நேரமும் விழும்படி வைத்திருக்கிறேன். ஒன்றைக்கூட அழித்ததில்லை. யாரும் கேட்டதில்லை, கேட்டால் காட்ட இருக்கிறது.

போன வாரம் சிஸ்டர் கதவோரம் நின்று பார்த்துவிட்டார்.

"எதுக்குத்தா தெனமும் போட்டோ எடுக்குற?"

"குட்டி வளருறதப் பாக்கத்தான் சிஸ்டர்" என்றேன்.

"நல்லா எடு" என்று சொல்லிவிட்டு, ஊன்றுகோலைத் திருப்பி, கூடத்துக்குப் போனார்.